விரலை ஏமாற்றும் வித்தை

தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்து உரசிப் பற்றவைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? சில விநாடிகள். ஸ்வீடனில் உமியோ பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆராய்ச்சியாளர் ரோலண்ட் யோஹான்சன் இதைப் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார். முதலில் ஒருவர் வழக்கம்போலக் குச்சியைக் கொளுத்துகிறார். பிறகு அவருடைய விரல்நுனிகளை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டு, அதையே மறுபடி செய்யச் சொல்கிறார்கள். கண் நன்றாகத் தெரிகிறது. தசையில் கோளாறு இல்லை. விரல்கள் மடங்குகின்றன, நீள்கின்றன. ஆனாலும் குச்சி பிடிபட மறுக்கிறது. பிடித்தால் நழுவுகிறது. நழுவியது தெரியாமல் விரல்கள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒருவழியாகத் தீ பற்றும்போது முன்னைவிடப் பல மடங்கு நேரம் ஓடிவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன் பெங்களூரில் ஒரு தொழில்நுட்பக் கண்காட்சியில் நின்றபோது இந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது. தலையில் வர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட், வலது கையில் வயர்கள் தொங்கும் ஒரு கையுறை. எதிரே மேஜை, மேஜை மேல் ஒரு கண்ணாடி டம்ளர். எல்லாம் கம்ப்யூட்டர் வரைந்தவை. டம்ளரின் விளிம்பில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதுகூடத் துல்லியமாக இருந்தது. கையை நீட்டினேன். விரல்கள் டம்ளரைத் தொட்டதும் கையுறைக்குள் செல்போன் அதிர்வதுபோல ஒரு கிர்ர். அவ்வளவுதான். பிடியை இறுக்கினால் விரல்கள் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளங்கையில் வந்து முட்டின. பேய்ப் படங்களில் பேயின் கை சுவருக்குள் போகுமே, அது மாதிரி. இங்கே பேய் நான்தான்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் ஒரு பல் மருத்துவர். கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர். கையுறை அவர் கைக்குப் பெரிதாக இருந்தது. விரல்நுனிகள் உறையின் முனையை எட்டவே இல்லை. இந்தக் கருவிகளில் பல, பெரிய கைகளை மனதில் வைத்தே தைக்கப்படுகின்றன என்று சந்தேகிக்கிறேன். அவர் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்ன ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. சொத்தைப் பல்லில் கூரான கருவியை வைத்து அழுத்தி எடுக்கும்போது மிக லேசாக ஒட்டிக்கொண்டு விடுபடும். அந்த ஒட்டலைப் புத்தகத்தில் எழுத முடியாது, படத்தில் காட்ட முடியாது. மாணவனின் விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதைத் தப்பாகக் கற்றுக்கொடுக்கும் மெஷின், கற்றுக்கொடுக்காத மெஷினைவிட மோசம் என்பது அவர் கட்சி.

அவர் கட்சிதான் என் கட்சியும். ஆனால் இந்தக் கையுறைகளைச் செய்பவர்கள் எதனோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று தெரிந்தால் அவர்கள் மேல் கொஞ்சம் அனுதாபமும் வரும்.

தொடாமல் தொடுகிற ஆசை கம்ப்யூட்டருக்கும் முந்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகே இருக்கும் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கப் பொருள்களைக் கையாள வேண்டியிருந்தது. கையால் தொட்டால் ஆபத்து. ரேமண்ட் கோர்ட்ஸ் என்ற இன்ஜினியர் தடித்த கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு இயந்திரக் கை, அந்தப் பக்கம் ஒரு இயந்திரக் கை என்று அமைத்தார். இங்கே அசைத்தால் அங்கே அசையும். முக்கியமான விஷயம், அங்கே ஏதாவது தடுத்தால் இங்கேயும் தடுக்கும். 1950களின் நடுவில் மின்சாரத்தாலேயே அந்தத் தடையைத் திருப்பி அனுப்பும் கைகள் வந்துவிட்டன. பார்த்தால் மட்டும் போதாது, திருப்பித் தள்ளவும் வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

1967இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் புரூக்ஸ் அந்தத் திருப்பித் தள்ளும் கையைக் கம்ப்யூட்டரோடு இணைக்கக் கிளம்பினார். அங்கே நிஜப் பொருளே கிடையாது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும் விசையைக் கை உணரும். மருந்து மூலக்கூறு ஒன்றைப் புரதத்தின் பள்ளத்தில் பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால், எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஆராய்ச்சியாளர் கையாலேயே தடவிப் பார்க்கலாம். யோசனை சரி, ஆனால் அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அந்த வேகம் இல்லை. திட்டம் உருப்படியான பலனைத் தருவதற்கு 1980களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 23 வருடக் கதையை 1990இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். இவ்வளவு பொறுமையுள்ள ஆராய்ச்சியாளர்களும், அதற்கு இவ்வளவு காலம் பணம் கொடுத்தவர்களும் இருந்தார்கள் என்பதே ஓர் ஆச்சரியம்.

இதற்கிடையில் 1987இல் கையுறை வந்தது. கலிபோர்னியாவில் ஜேரன் லேனியரின் விபிஎல் கம்பெனி விற்ற டேட்டாகிளவ். விரல்களின் மேலே ஓடும் ஒளியிழைகள், விரல் மடங்கும்போது எவ்வளவு வெளிச்சம் கசிகிறது என்பதை வைத்து விரலின் நிலையைக் கண்டுபிடிக்கும். பத்திரிகைகள் கொண்டாடின. 1989இல் நின்டெண்டோ வீடியோ கேமுக்காக மலிவான பவர் கிளவ்கூட வந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கையுறைகள் ஒருவழிப் பாதை. உங்கள் கை என்ன செய்கிறது என்பது மெஷினுக்குத் தெரியும். மெஷினில் என்ன இருக்கிறது என்பது உங்கள் கைக்குத் தெரியாது. யோஹான்சனின் படத்தில் வரும் மரத்துப்போன விரலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இருவழிப் பாதையை மேஜை மேல் சாதித்துக் காட்டியது எம்.ஐ.டி. 1990களின் தொடக்கத்தில் தாமஸ் மேஸி என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் கென்னத் சாலிஸ்பரியும் பேண்டம் என்ற கருவியைச் செய்தார்கள். தையல்காரர் ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிக்கொள்வாரே, அது மாதிரி ஒரு சிறு தொப்பி. அதை மேஜையில் நிற்கும் ஒரு கம்பிக் கையின் முனையில் பொருத்தியிருப்பார்கள். விரலை அதில் நுழைத்துக் காற்றில் நகர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத உருண்டை ஒன்றின் மேல் விரல் வழுக்கிக்கொண்டு போகும். (மேஸி பிற்பாடு அரசியலுக்குப் போய் 2012இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விரலைத் தள்ளுவதைவிட வாக்காளரைத் தள்ளுவது சுலபம் போலிருக்கிறது.)

அதே எம்.ஐ.டி.யில் தொடு உணர்வுக்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் நடத்தியவர் பெங்களூரில் படித்துவிட்டு அமெரிக்கா போன மண்டயம் ஸ்ரீனிவாசன். 2002 அக்டோபரில் அவர் குழுவும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் குழுவும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். அட்லாண்டிக் கடலுக்கு இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர். நடுவில், எங்குமே இல்லாத ஒரு பெட்டி. இருவரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிப் பிடித்து அதைத் தூக்கினார்கள். அடுத்தவர் தள்ளுவதை இவர் கை உணர்ந்தது. செய்தி வந்த காலத்தில் பலர் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது டெலிபோனின் முதல் 'ஹலோ'வுக்குச் சமமாகப் படுகிறது.

சரி, மேஜை மேல் 1990களிலேயே முடிந்த காரியம் கையில் அணியும்போது ஏன் இன்னும் இழுபறியாக இருக்கிறது?

சுவரில் கையை வைத்து அழுத்துங்கள். சுவர் அதே பலத்தோடு உங்களைத் திருப்பித் தள்ளுகிறது. சுவர் தரையில் ஊன்றி நிற்பதால் அதற்கு அந்தத் தெம்பு. மேஜைக் கருவிக்கும் அப்படித்தான். மேஜை அதைத் தாங்குகிறது. கையுறை எதன் மேல் ஊன்றி நிற்கும்? உங்கள் மணிக்கட்டின் மேல்தான். விரல்கள் மடங்காமல் அதனால் இழுத்துப் பிடிக்க முடியும். ஆகவே உருண்டையை உள்ளங்கையில் பிடித்த மாதிரி ஒரு உணர்வைத் தந்துவிடலாம். ஆனால் முழுக் கையும் சுவருக்குள் போவதைத் தடுக்க முடியாது. உட்கார்ந்திருக்கும் நாற்காலியை உட்கார்ந்தபடியே தூக்க முடியுமா? இந்தத் தடையை எந்த மோட்டாரும் ஒழித்துவிடாது. இது பணத்தாலோ சிப்பாலோ தீர்கிற சங்கதி இல்லை.

இரண்டாவது தொல்லை, தொடு உணர்வு என்று ஒன்று இல்லை என்பது. அது பல உணர்வுகளின் கூட்டுக் குடும்பம். ஒரு கையின் உள்பக்கத் தோலில் மட்டும் சுமார் 17,000 தொடு நரம்பு முனைகள் இருக்கின்றன என்பது யோஹான்சனும் அவருடைய சகாக்களும் போட்ட கணக்கு. நான்கு வகை. ஒன்று விளிம்பையும் வடிவத்தையும் சொல்லும். ஒன்று பொருள் நழுவத் தொடங்குவதைச் சொல்லும். ஒன்று தோல் இழுபடுவதை. இன்னொன்று விநாடிக்கு இருநூற்றுச் சொச்சம் தடவை அடிக்கும் நுண்ணிய அதிர்வை. பொருள் சற்றே நழுவினாலும், நமக்குத் தெரிவதற்கு முன்பே, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதற்குள் பிடி தானாக இறுகிவிடுகிறது. 2013இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கங்களை மனித விரல் தடவியே கண்டுபிடித்தது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை அது. ஜவுளிக்கடையில் புடவையை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து நெருடிப் பார்த்துவிட்டு, இது சுத்தப் பட்டு இல்லை என்று ஒதுக்கிவைக்கும் பெண்மணிகளுக்கு இது செய்தியாக இருக்காது.

கண்ணுக்கு விநாடிக்கு 24 படங்களைக் காட்டினால் அது சினிமாவாகிவிடும். விரலுக்குக் கடினமான பரப்பை நம்பவைக்க, விசையை விநாடிக்கு சுமார் ஆயிரம் தடவை கணக்கிட்டுத் தர வேண்டியிருக்கிறது. கொஞ்சம் தாமதித்தாலும் கல் ரப்பராகிவிடும்.

இதையெல்லாம் அப்படியே செய்துகாட்ட முயன்றவர்கள் கடைசியில் பாரத்தில் வந்து மாட்டிக்கொண்டார்கள். 1990களின் இறுதியில் வந்த சைபர்கிராஸ்ப், புறங்கையில் எலும்புக்கூடு போல ஏறி உட்கார்ந்து, நரம்பு மாதிரியான வடங்களால் விரல்களை இழுத்தது. கையில் மட்டும் ஏறக்குறைய அரைக் கிலோ. அரை மணி நேரம் போட்டிருந்தால் மாய உலகத்தின் கனத்தைவிடக் கருவியின் கனம்தான் தெரியும். 2022இல் அமெரிக்காவின் ஹாப்டெக்ஸ் கம்பெனி அறிவித்த கையுறையில், ஒவ்வொரு கையிலும் 130க்கு மேற்பட்ட குட்டிக் காற்றுப்பைகள். எந்த இடத்தில் தொடுகிறீர்களோ அந்த இடத்துப் பை மட்டும் புடைத்துத் தோலை அழுத்தும். காற்றைத் தருவது முதுகில் சுமக்கும் ஒரு மூட்டை. ஜோடி 5,495 டாலர். அன்றைய மதிப்பில் நாலரை லட்சம் ரூபாய். 2021 நவம்பரில் மெட்டா கம்பெனியும் ஏழு வருட உழைப்பு என்று சொல்லி ஒரு காற்றுக் கையுறையைக் காட்டியது. அது ஆராய்ச்சிக்கூட மாதிரிதான்.

புத்திசாலிகள் வேறு வழியில் போனார்கள். நிஜத்தை அப்படியே கொடுப்பதற்குப் பதிலாக, விரல் எங்கே எளிதில் ஏமாறும் என்று தேடினார்கள்.

மோட்டாருக்குப் பதில் பிரேக் என்பது ஒரு வழி. பொருளைப் பிடிக்கும்போது விரலைத் தள்ள வேண்டாம், மேலே மடங்காமல் பூட்டினால் போதும். 2016இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த வுல்வரின் என்ற கருவி 55 கிராம்தான். கட்டைவிரலுக்கும் மற்ற மூன்று விரல்களுக்கும் நடுவே நீண்டு சுருங்கும் கம்பிகள். தொட்ட கணத்தில் கம்பி பூட்டிக்கொள்ளும். பத்து கிலோ எடையின் அளவுக்கு அழுத்தினாலும் அசையாது. 2018இல் ஸ்விட்சர்லாந்தில் இன்னும் எளிமையாக்கினார்கள். விரல் நெடுக இரண்டு மெல்லிய உலோக நாடாக்கள். 200 வோல்ட் கொடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். விரலுக்கு 8 கிராம்கூட இல்லை. குறை என்னவென்றால் பிரேக்கால் மறுக்க மட்டும்தான் முடியும். கல்லைப் பிடித்த மாதிரி இருக்கும். துடிக்கும் நாடியைப் பிடித்த மாதிரி இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியர்களின் வித்தை. 2007இல் டோக்கியோவில் சுசுமு டாச்சியின் குழுவைச் சேர்ந்த கோடா மினமிஸாவா ஒரு விஷயத்தைக் கவனித்தார். தண்ணீர் நிறைந்த டம்ளரை இரண்டு விரல்களால் பிடித்துத் தூக்குங்கள். எடையால் டம்ளர் கீழ்நோக்கி இழுக்கிறது. அதோடு சேர்ந்து விரல்நுனித் தோலும் துளி கீழே இழுபடுகிறது. எடையை நாம் தோள் தசையால் மட்டும் அறிவதில்லை, இந்த இழுபடுதலாலும் அறிகிறோம். அப்படியென்றால் எடை வேண்டாமே, இழுத்தால் போதுமே! விரல்நுனியைச் சுற்றி ஒரு பட்டை, நகத்துக்கு மேலே இரண்டு குட்டி மோட்டார்கள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றினால் பட்டை இறுகி விரலை அழுத்தும். ஒரே பக்கம் சுற்றினால் தோலைப் பக்கவாட்டில் இழுக்கும். அவ்வளவுதான் கருவி. இல்லாத பெட்டிக்கு எடை வந்துவிட்டது. இத்தாலியில் சியெனா பல்கலைக்கழகத்தில் டொமினிகோ பிராட்டிகிஸோவின் குழு இந்த வழியிலேயே பலவிதமான விரல்நுனிக் கருவிகளைச் செய்துவருகிறது. ஒரு குடம் தண்ணீரின் கனத்தை இப்படித் தர முடியாது. இடுப்பு வலிக்காத குடத்தை யார் நம்புவார்கள்? ஒரு மாத்திரை டப்பாவின் கனத்தைத் தரலாம்.

தட்டலும் இப்படித்தான். மரப் பலகையை விரலால் தட்டும்போது அது மரம் என்று சொல்வது பெரும்பாலும் முதல் கணத்தில் எழுந்து அடங்கும் அதிர்வு. அந்த அதிர்வைப் பதிவு செய்து, சரியான கணத்தில் விரலுக்குத் திருப்பிக் கொடுத்தால், மெத்தென்றிருக்கும் மாயப் பரப்பு மரமாகிவிடுகிறது என்று ஸ்டான்ஃபோர்டில் கேத்ரின் குஹென்பெக்கர் 2000களில் காட்டினார். சென்னை ஐ.ஐ.டி.யில் மணிவண்ணன் நடத்தும் தொடுகை ஆய்வுக்கூடமும் இந்தத் துறையில் இருக்கிறது. வழவழப்பான தொடுதிரையிலேயே சொரசொரப்பை உணரவைக்கும் ஒரு திரையை 2023இல் அறிவித்தார்கள்.

ஏமாற்றுவதில் கைதேர்ந்தது கண்தான். ஸ்ரீனிவாசன் குழு 1996இல் செய்த சோதனை ஒன்று. இரண்டு மாய ஸ்பிரிங்குகளை அழுத்திப் பார்த்து எது கெட்டி என்று சொல்ல வேண்டும். கையில் தெரியும் விசை நிஜம். திரையில் ஸ்பிரிங் அமுங்குவதுபோலக் காட்டும் படத்தில் மட்டும் பொய் கலந்தார்கள். மக்கள் கையை விட்டுவிட்டுக் கண்ணை நம்பினார்கள். பொய் அதிகமானபோது, கெட்டியானதை மெத்தென்றும் மெத்தென்றதைக் கெட்டி என்றும் தலைகீழாகச் சொன்னார்கள். விளையாட்டு தயாரிப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. விலை உயர்ந்த மோட்டார் வேண்டாம். படத்தைக் கொஞ்சம் மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

என்னைக் கவலைப்படுத்துவதும் இதுவேதான். விளையாட்டில் ஏமாறுவதற்குத்தான் காசு கொடுக்கிறோம்; ஏமாறட்டும். ஆனால் இந்தக் கையுறைகளை விற்க வருபவர்கள் இப்போது முதலில் நீட்டுவது விளையாட்டை அல்ல, பயிற்சியை. டாக்டர்களுக்கு, நர்ஸுகளுக்கு, தொழிற்சாலையில் போல்ட் முடுக்குபவர்களுக்கு. பயிற்சியில் கண் சொல்வதை நம்பி இவ்வளவு அழுத்தினால் போதும் என்று கற்ற கை, நாளை நிஜமான ஈறின் மேல், நிஜமான குடலின் மேல் அதே அழுத்தத்தைத்தான் வைக்கும். அங்கே படத்தில் பொய் கலக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

தொடு உணர்வு இல்லாமலே சமாளிக்கலாம் என்பதற்கும் உதாரணம் காட்டுவார்கள். 2000இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாவின்ஸி அறுவை ரோபோ இருபது வருடங்களுக்கு மேல் டாக்டரின் கைக்கு எந்த விசையையும் திருப்பி அனுப்பவில்லை. தையல் நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதை டாக்டர்கள் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். லட்சக்கணக்கான ஆபரேஷன்கள் நடந்தன. உண்மைதான். ஆனால் அந்த டாக்டர்கள் அதற்கு முன் பல வருடம் நிஜ உடம்பைத் தொட்டவர்கள். தொட்டு அறிந்த கைதான் கண்ணுக்குப் பாடம் சொன்னது. 2024இல் வந்த ஐந்தாவது மாடலில் அந்தக் கம்பெனியே விசையை உணர்த்தும் கருவிகளைச் சேர்த்துவிட்டது.

பல் மருத்துவருக்கு நான் சொல்லாமல் விட்ட ஒரு சமாதானம் உண்டு. அவர் தொழிலில் விரல் நேரடியாகப் பல்லைத் தொடுவதில்லை, கருவிதான் தொடுகிறது. விசை ஒரே கம்பி வழியாக வருகிறது. ஆகவே மேஜையில் ஊன்றிய கருவிகள் அதை ஓரளவு நன்றாகவே தருகின்றன. பல் மருத்துவக் கல்லூரிகள் சில அவற்றைப் பயன்படுத்தவும் செய்கின்றன. வெறுங்கை வேலைதான் சிக்கல். வயிற்றை அமுக்கிக் கல்லீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று அறிவது. இவற்றுக்கு 17,000 முனைகளும் வேண்டும். நம் நாட்டில் பெரிய மிஷின் எட்டாத ஊர்களில் இன்னும் வைத்தியம் நடப்பது இந்த விரல்களை நம்பித்தான். அவற்றைப் பழக்கும் வேலையைக் கையுறையிடம் ஒப்படைப்பதற்கு முன், அதில் பயின்றவரும் நோயாளியிடம் பயின்றவரும் ஒரே கட்டியைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாமா? கண்காட்சியில் இதைக் கேட்டேன். கையில் ஒரு வண்ணக் காகிதம் கொடுத்தார்கள். எத்தனை பேர் "மிகவும் நிஜமாக இருந்தது" என்றார்கள் என்ற சதவீதம் அதில் இருந்தது.

இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் என்பவரைப் பற்றி டாக்டர் ஜோனதன் கோல் 1991இல் ஒரு புத்தகம் எழுதினார். வாட்டர்மன் இறைச்சிக் கடையில் வேலை பார்த்தவர். 1971இல், 19 வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும், கைகால் எங்கே இருக்கிறது என்கிற உணர்வும் மொத்தமாகப் போய்விட்டன. சூடும் வலியும் தெரியும். தசைகளில் பலம் உண்டு. ஆனால் ஒரு முட்டையை எடுக்க வேண்டுமென்றால் கையைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தே நடக்கவும் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் சரிந்து விழுந்துவிடுவார்.

கையுறையைக் கழற்றியபோது என் உள்ளங்கை வியர்த்திருந்தது. அங்கே நின்ற பையன் அதை வாங்கி உள்பக்கம் ஸ்பிரிட் தெளித்து, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். விரல்நுனி உறைக்குள் ஈரம் காய்ந்துவிட்டதா என்று தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் நீட்டினான்.